தம்பி வெள்ளம்

இறைவனில் இளைப்பாறும் எங்கள் அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு நாளில் இம்மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். கட்டுரை எழுதும் பொறுப்பைக் குடும்பத்தார் என்னிடம் ஒப்படைத்தார்கள். வீட்டில் ஓய்வு பெற்ற ஆசிரியர் நான் ஒருவன்தான் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். வேறு யாரும் எழுத முன்வரவில்லை என்பதும் உண்மை. அக்காவின் அருங்குணங்களை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அதனூடே, என்னைப் பற்றி இருபத்திரண்டு ஆண்டுகளாக ஊரில் உலவும் தவறான செய்தி ஒன்றையும் திருத்திவிட உத்தேசித்திருக்கிறேன். அச்சகத்தார் நான்கு பக்கம் ஒதுக்கியிருப்பதால் இரண்டுக்கும் இடம் இருக்கிறது.

குஜிலியம்பாறைக்குக் கிழக்கே ஒரு மானாவாரிக் கிராமத்தில், எங்கள் பெற்றோருக்கு மூத்த பிள்ளையாக அக்கா பிறந்தார். நான் கடைசிப் பிள்ளை. எங்கள் ஊரில் தண்ணீர் என்பது தலையில் சுமந்து வர வேண்டிய பொருள். ஐந்தாம் வகுப்போடு அக்காவின் படிப்பு நின்றது. ஒன்றரை மைல் தள்ளியிருந்த கிணற்றுக்கும் வீட்டுக்கும் நடப்பதே அவர் வேலையானது. அவர் நடந்ததால்தான் நான் பள்ளிக்கூடம் போக முடிந்தது. ஆனால் என் முகம் கழுவ அரைச் செம்புக்கு மேல் அவர் தந்ததில்லை. வானம் இருட்டிக்கொண்டு வந்தால் அண்டா, குண்டான், சட்டி எல்லாவற்றையும் முற்றத்தில் பரப்பிவிடுவார். அரிசி அளக்கும் படிகூட வெளியில் வந்து நிற்கும்.

அப்படிப்பட்டவரைக் கொண்டுபோய், திண்டுக்கல்லுக்கு வடக்கே குடகனாற்றில் போய்ச் சேரும் ஓர் ஓடையின் கரையில் கட்டிக் கொடுத்தார்கள். அத்தானுக்கு ஓடையை ஒட்டி நான்கு ஏக்கர். அந்த ஓடை வருடத்தில் பத்து மாதம் வெறும் மணல். பிள்ளைகள் அதில் பந்து விளையாடுவார்கள். ஐப்பசி கார்த்திகையில் மலைப்பக்கம் வலுத்துப் பெய்துவிட்டால், மூன்று நாட்களுக்கு அது யாருக்கும் அடங்காது.

கல்யாணமான முதல் ஐப்பசியில் அந்த மூன்று நாட்கள் வந்தன. மாமியார் வீட்டார் பாத்திரம் பண்டங்களைப் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். புது மருமகளோ பின்னாலேயே ஒவ்வொன்றாக இறக்கி வாசலில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார்.

“அத்தை, எம்புட்டுத் தண்ணி! இன்னும் ரெண்டு அண்டா இருந்தா எறக்கிக் குடுங்க!” என்று கத்தினாராம்.

அரை மணி நேரத்தில் அண்டாக்கள் அத்தனையும் மிதந்து வடக்கே போயின. சீர்வரிசைக் குடம் மட்டும் மூன்றாவது ஊரில் கருவேல முள்ளில் மாட்டிக் கிடந்தது. அதில் எங்கள் அப்பாவின் பெயர் வெட்டியிருந்ததால் குஜிலியம்பாறை போய், அங்கிருந்து எங்கள் அப்பாவோடு பஸ்ஸில் திரும்பி வந்தது.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வெள்ளம் வடிந்ததும், வாசல் கதவுக்கு வலப்புறச் சுவரில் தண்ணீர் ஏறி நின்ற உயரத்துக்கு ஒரு கோடு போடுவார்கள். கோட்டின் பக்கத்தில், அந்த ஆண்டின் நஷ்டத்துக்கு யார் காரணமோ அவர் பெயரை எழுதுவார்கள். வெள்ளம் ஆண்டவர் விட்டது, நஷ்டம் நம்மில் யாரோ ஒருவர் செய்தது என்பது அக்காவின் மாமியாருடைய உறுதியான நம்பிக்கை. அந்த ஆண்டுக் கோட்டுக்குப் பக்கத்தில் அவர் ‘மருமகள்’ என்று எழுதினார். கிறிஸ்மஸுக்கு வீடு முழுவதும் வெள்ளையடித்தாலும் அந்தச் சுவரில் மட்டும் சுண்ணாம்பு மட்டை படாது.

மாமியாருக்குப் பிறகு கோடு போடும் உரிமை அக்காவுக்கு வந்தது. மூட்டைக்கு அடையாளம் போடும் நீல மையை வைத்துக்கொண்டு அவர் பாரபட்சமின்றி எழுதினார். மோட்டாரைக் கிணற்றிலிருந்து தூக்காமல் விட்டது அத்தான். கூரையில் ஏற்றிய கோழிகளைக் கூடையால் மூட மறந்ததும் அத்தான். கணவர் பெயரைச் சொல்லும் வழக்கம் அக்காவுக்கு இல்லாததால், அச்சுவரில் மூன்று கோடுகளுக்குப் பக்கத்தில் ‘இவர்’ என்றே இருக்கும். ஒருமுறை வெள்ளச் சேதம் பார்க்க வந்த அதிகாரி, “யாரும்மா இந்த இவர்?” என்று கேட்டார். அத்தான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதாகச் சொல்லிப் பின்பக்கம் போய்விட்டார்.

தண்ணீரைப் பார்த்தாலே பாத்திரம் வைத்த பெண், நாலைந்து ஆண்டுகளில் ஓடையின் குணத்தை ஊரிலேயே நன்றாக அறிந்தவரானார். ஓடையை ஒட்டிய தாழ்ந்த காட்டில் ஐப்பசிக்கு முன்னால் தக்காளி நடுவதை நிறுத்தி, மாட்டுக்குச் சோளத்தட்டை விதைத்தார். போனால் தட்டைதான் போகும். வரப்பு ஓரங்களில் தென்னை வைத்தார். பத்திரம், ரேஷன் கார்டு, என் நியமன உத்தரவு உட்பட எல்லாக் காகிதங்களையும் நாலு அடுக்கு டிபன் கேரியரில் போட்டு, மூடியைச் சுற்றி மெழுகு உருக்கி ஊற்றிப் பரணில் வைத்தார். அவசரத்தில் ஒரு தடவை நான் அதைச் சாப்பாடு என்று நினைத்துப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போய்விட்டேன். அந்த ஆண்டு வெள்ளம் வராததால் சுவரில் ஏறாமல் தப்பித்தேன்.

எல்லாவற்றிலும் முக்கியம் பட்டறை. சின்ன வெங்காயத்தைக் காற்றாடப் பரப்பி வைக்க, கல்லுக்கால் மேல் மூங்கில் தப்பை அடித்துக் கீற்று வேய்ந்த நீளமான அடுக்கு அது. அடுத்த நடவுக்கான விதை வெங்காயமும் அதில்தான் இருக்கும். விதை நனைந்தால் அந்த ஆண்டே போயிற்று. ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் அக்கா கல்லுக்காலில் இன்னொரு கல்லை ஏற்றினார். இன்று அந்தப் பட்டறையில் ஏற ஏணி வேண்டும்.

தண்ணீர் மிஞ்சும் என்று தோன்றினால் ஆடுகளையும் விதையையும் மேட்டில் இருக்கும் கோயில் மண்டபத்துக்குக் கொண்டு போய்விடுவார். புதிதாக வந்த பங்குச் சாமியார் ஒருவர், ஞானோபதேச வகுப்பு நடக்கும் இடத்தில் ஆடுகளைக் கண்டு திகைத்து நின்றார்.

“சாமி, இதுக ஞானஸ்நானம் கேட்டு வரல. மூணு நாளைக்கு எடம் கேட்டுத்தான் வந்திருக்கு” என்றார் அக்கா.

மறு ஆண்டு முதல் ஐப்பசி பிறந்ததும் அந்தச் சாமியாரே ஆளனுப்பி, ஆடு எப்போது வருகிறது என்று கேட்கத் தொடங்கினார்.

இனி என் விஷயத்துக்கு வருகிறேன்.

அத்தானின் காட்டுக்கு மேற்கே சற்று உயரத்தில் இருப்பது மேல்காட்டுக்காரரின் மல்லிகைத் தோட்டம். இரண்டு காட்டுக்கும் நடுவில் உள்ள வரப்பில் ஒரு மடை உண்டு. மேலே தேங்கும் தண்ணீர் அந்த மடை வழியாக எங்கள் பக்கம் இறங்கி ஓடைக்குப் போகும். வரப்பில் நின்ற ஒரு தென்னை யாருடையது என்பதில் அத்தானுக்கும் அவருக்கும் பேச்சு நின்றுபோனது. தென்னை பிறகு இடி விழுந்து பட்டுப்போனது. பேச்சு அதற்குப் பிறகும் வரவில்லை. வெள்ளக் காலத்தில் மேல்காட்டுத் தண்ணீர் பட்டறைக்கு நேராகப் பாய்கிறது என்று சொல்லி, ஐப்பசிதோறும் மடையை மணல் மூட்டை அடுக்கி அடைத்துவிட அத்தான் உத்தரவிட்டார். அடைத்தால் எங்கள் பட்டறை தப்பும். அவர்கள் மல்லிகை மூழ்கும்.

இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன், ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை. அத்தான் ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போயிருந்தார். நான் அப்போது இந்த ஊர்ப் பள்ளியில் புவியியல் ஆசிரியர். இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தேன்.

“ஏலே தம்பி, செத்த போயி மேல்மடைய அடச்சிட்டு வா. இருபது மூட்ட வெத பட்டறையில கெடக்கு” என்றார் அக்கா.

நான் போனேன். பதினோரு மூட்டைகளை நானே தூக்கி அடுக்கினேன். இடுப்புப் பிடித்துக்கொண்டது. திரும்பி வந்து, காற்றின் திசையைப் பார்த்தால் இனிமேல் பெரிய மழை இல்லை என்று ஒரு கருத்தும் சொன்னேன். அதை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

விடியும்போது தண்ணீர் வாசல் சுவரில் நெஞ்சு உயரத்துக்கு நின்றது. பட்டறைக்கு நேராக மேல்மடை வாய் திறந்து கிடந்தது. இருபது மூட்டை விதையும் ஊறிப்போயிற்று. அடைத்துவிட்டுத்தான் வந்தேன் என்று நான் சத்தியம் செய்தேன். வரப்பில் கிடந்த மூட்டைகளைக் காட்டினேன். அவை பதினொன்றும் மடைக்குப் பக்கத்தில் ஒழுங்காக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. வெள்ளம் மூட்டையை உருட்டும், கிழிக்கும். எடுத்து அடுக்கி வைக்குமா என்று கேட்டேன். நல்ல கேள்வி. மழை வராது என்று சொன்னவன் மடையை அடைத்திருப்பானா என்று அத்தான் திருப்பிக் கேட்டதும் ஊரே சிரித்தது.

தண்ணீர் வடிந்ததும் அக்கா நீல மையை எடுத்து வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரில் இதுவரை இல்லாத உயரத்தில் கோடு போட்டு, பக்கத்தில் ‘தம்பி’ என்று எழுதினார்.

அந்த ஆண்டு வீட்டில் வெங்காய நடவு இல்லை. அத்தான் மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. அதெல்லாம் ஆறிவிட்டது. பெயர் ஆறவில்லை. ஊரில் அந்த வெள்ளத்துக்கே ‘தம்பி வெள்ளம்’ என்று பெயராகிவிட்டது. “தம்பி வெள்ளத்துக்கு மறு வருசம் எம்மக சடங்கு” என்று வயது கணக்குச் சொல்வார்கள். புயல் பாடம் நடத்தும்போதெல்லாம் கடைசி பெஞ்சில் யாராவது இருமுவான். என் பணி ஓய்வு விழாவில் தலைமையாசிரியர், “அன்னார் அடைத்த மடைகள் எத்தனையோ” என்று வாழ்த்திப் பேசினார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. பொறுக்க முடியாமல் ஒரு கிறிஸ்மஸுக்கு, சுண்ணாம்பு வாளியோடு அந்தச் சுவர் வரைக்கும் போய்விட்டேன். அக்கா வந்து குறுக்கே நின்றார்.

“மத்தவக பேரெல்லாம் இருக்கையில ஒம்பேர மட்டும் அழிச்சா நல்லாவா இருக்கும்?” என்றார். பிறகு உள்ளே கூப்பிட்டுச் சோறு போட்டார்.

அக்கா வீட்டுக் கறிக்குழம்பில் எலும்பில்லாத துண்டுகள் எப்போதும் என் இலைக்குத்தான் வரும். புது வெங்காயம் எடுத்தால் முதல் மரக்கால் என் வீட்டுக்கு வரும். எனக்குக் காய்ச்சல் என்றால் அக்கா பட்டினி இருந்து ஜெபம் செய்வார். கடைசித் தம்பி மேல் உள்ள பாசம் என்று நான் நினைத்திருந்தேன்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் அத்தான் இறந்தார். விவசாயம் அக்கா மகன் அருள் கைக்கு வந்தது. மடையை அடைப்பது மட்டும் பழக்கமாகத் தொடர்ந்தது. ஒவ்வோர் ஆண்டும் அடைத்தவன் நான்தான். ஒவ்வோர் ஆண்டும் சாட்சிக்கு இருவரை அழைத்துப் போனேன்.

சென்ற ஆண்டு ஐப்பசியில், மூச்சுத் திணறலுக்குத் திண்டுக்கல்லில் மருத்துவம் பார்த்துவிட்டு வந்து அக்கா கட்டிலில் கிடந்தார். மழை பிடித்துக்கொண்டது. மதியம் நான் மடைக்குப் போய்விட்டுத் திரும்பினேன்.

“மடைய அடச்சிட்டியா?” என்றார்.

“அடச்சிட்டேன்க்கா. சந்தேகமா இருந்தா இன்னொரு தடவ பாத்துட்டு வாரேன்” என்றேன், கொஞ்சம் கோபமாகவே.

“வேணாம்ப்பா. எனக்குத் தெரியும், நீ அடச்சிருப்ப.”

இருபத்தோரு ஆண்டுகளில் என் வேலையைப் பற்றி அப்படி ஒரு நற்சான்று வந்ததே இல்லை. உடம்பு சரியில்லாததால் பேசுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். மறுநாள் தண்ணீர் இரண்டு விரற்கடைதான் ஏறியது. கோட்டை அருள் போட்டான். யார் பெயர் எழுதுவது என்று கேட்டதற்கு, “யார் பேரும் வேணாம். போதும்” என்றார் அக்கா. கார்த்திகை முடியும்போது, திருவருட்சாதனங்கள் பெற்று அமைதியாக எங்களை விட்டுப் பிரிந்தார். மண்ணெடுத்துப் போட்டுவிட்டுத் திரும்பும்போது, எங்கள் வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லாத மேல்காட்டுக்காரரின் மனைவி கல்லறைத் தோட்டத்து வாசலில் ஒரு கூடை மல்லிகையோடு நின்று, எங்களைவிட அதிகமாக அழுதுகொண்டிருந்தார். அது எங்களுக்கு அன்று விளங்கவில்லை.

முப்பதாம் நாள் பூசைக்கு முன், அக்காவின் படத்தைக் கூடத்தில் திருஇருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில் மாட்ட ஆணி அடிக்க வேண்டியிருந்தது. அந்தத் திருஇருதயப் படத்தை அக்கா யாரையும் தொட விட்டதில்லை. வெள்ளையடிக்க வந்தவர்களிடம், “ஆண்டவர அசைக்கக் கூடாது, சுத்தி அடிங்க” என்றுதான் சொல்வார். அதைப் பெரிய பக்தி என்று நாங்கள் எல்லோரும் மெச்சியிருந்தோம். அருள் ஏணியில் ஏறிப் படத்தைக் கழற்றினான். பின்னால் சுவரில், பழைய பச்சை வண்ணத்தின் மேல், நீல மையில், அக்காவின் ஐந்தாம் வகுப்புக் கையெழுத்து.

‘ஆண்டவரே, மடையைத் திறந்தது நான். தம்பி அடைத்துவிட்டுத்தான் போனான். மேல்காட்டு மல்லிகை மூழ்கிக் கிடந்தது. அவள் வந்து அழுதாள். கொஞ்ச நேரம் திறந்துவிட்டு அடைத்துவிடலாம் என்று நினைத்தேன். அசந்து தூங்கிவிட்டேன். இவருக்குத் தெரிந்தால் இரண்டு வீட்டுக்கும் வெட்டுக்குத்து ஆகும். தம்பி தாங்குவான். மன்னியும்.’

ஏணியின் மேல் நின்றபடி அருள் உரக்கப் படித்தான். படித்து முடித்ததும் என் மனைவி, “அப்ப நெசமாவே அடச்சீங்களா?” என்று கேட்டாள். கட்டிய மனைவி.

நான் நேராக மேல்காட்டுக்குப் போனேன். அந்த அம்மா செடிகளுக்கு நடுவில் பூ எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எதற்காக வந்திருக்கிறேன் என்று தெரிந்துகொண்டார்.

“ஆமாங்கய்யா. நாந்தான் அழுதுகிட்டுப் போனேன். மூட்டைகள நாங்க ரெண்டு பேருந்தான் எடுத்து அடுக்குனோம். யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னு எந்தலையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டாக. ஒங்க மொகத்தப் பாக்க மாட்டாமத்தான் தெனம் ஒங்க வீட்டுக்கு ஒரு மொழம் பூ குடுத்து விட்டேன்.”

இருபத்தோரு ஆண்டுகளாக யார் அனுப்புகிறார் என்று தெரியாமல் எங்கள் கதவில் தொங்கிய பூ அது. அதை முன்னிட்டு என் மனைவிக்கு என் மேல் இருந்த வேறொரு சந்தேகமும் அன்று தீர்ந்தது.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. இறந்துபோன அக்காவோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். கறித்துண்டெல்லாம் நினைவுக்கு வந்தன. ஆண்டவரிடம் சொல்லத் தெரிந்தவருக்கு, அத்தான் போன பிறகாவது என்னிடம் சொல்ல வாய் வரவில்லையே என்று மனம் கொதித்தது. சுண்ணாம்பைக் கரைத்து எடுத்துக்கொண்டு வாசல் சுவருக்குப் போனேன். இந்தத் தடவை குறுக்கே நிற்க யாருமில்லை. மட்டையை நனைத்து ‘தம்பி’க்கு நேராகத் தூக்கினேன். அந்த எழுத்தைக் கிட்டத்தில் பார்த்தேன். ‘த’ நடுங்கியிருந்தது. மற்ற எந்தப் பெயரிலும் அக்காவின் கை நடுங்கவில்லை. யார் மேல் போட்டால் வீடு உடையாது என்று பார்த்து, என் மேல் போட்டிருக்கிறார். ஒன்றரை மைல் தண்ணீர் சுமந்து என்னைப் படிக்க வைத்தவருக்கு என் மேல் அந்த அளவு நம்பிக்கை இருந்திருக்கிறது. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். சுண்ணாம்பு ஆட்டுத் தொழுவத்துக்குப் பயன்பட்டது.

இந்த ஆண்டு ஐப்பசியிலும் ஓடை வந்தது. இரண்டு நாள் முன்னதாகவே நானும் அருளும் விதை முழுவதையும் கோயில் மண்டபத்துக்கு ஏற்றிவிட்டோம். பிறகு மேல்மடைக்குப் போய், முன்பே அருள் அடுக்கியிருந்த மூட்டைகளை எடுத்து ஓரமாக வைத்தேன்.

“மாமா, என்ன செய்றீங்க?” என்று பதறினான்.

“தெறந்தே கெடக்கட்டும் மாப்ள. மல்லிகையும் பொழைக்கட்டும்.”

அப்போது மேல்காட்டுக்காரர் குடையோடு வரப்பில் வந்து நின்றார். அவருக்கு எண்பது வயது. இந்தக் கதை எதுவும் அவருக்கு இன்றுவரை தெரியாது. முப்பது ஆண்டுக்குப் பிறகு எங்கள் வீட்டாரோடு பேசினார். “என்ன வாத்தியாரே, மூட்ட பத்தலையா? எங்கிட்ட நாலு கெடக்கு, தரட்டுமா?” என்றார். தன் காட்டுத் தண்ணீரை அடைக்கத் தானே மூட்டை தர வந்த மனிதரைப் பார்த்து நான் கும்பிட்டேன். இம்மலர் அவர் கைக்கும் வரும். படித்துவிட்டு அந்த அம்மாவைக் கோபிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மேலிருந்து தண்ணீர் இறங்கிப் போனது. தாழ்ந்த காட்டுச் சோளத்தட்டை முழுவதும் அதோடு போயிற்று. மல்லிகை தப்பியது. விதையில் ஒரு சொட்டு ஈரமில்லை.

அக்காவின் நோய்க்காலத்தில் இரவும் பகலும் கவனித்துக்கொண்ட மருமகளுக்கும், மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், இறுதிச் சடங்கையும் இன்றைய திருப்பலியையும் நிறைவேற்றித் தந்த பங்குத்தந்தையர்க்கும், ஆட்டுக்கும் வெங்காயத்துக்கும் அலுக்காமல் மண்டபக் கதவு திறந்த கோயில் உபதேசியாருக்கும், வெள்ளம் வந்த போதெல்லாம் கயிறும் கையும் கொடுத்த ஊராருக்கும், இருபத்திரண்டு ஆண்டுகள் பூ தொடுத்த கைகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நெஞ்சார்ந்த நன்றி.

பூசை முடிந்து அசன விருந்துக்கு வீட்டுக்கு வருகிறவர்கள் வாசல் சுவரைப் பார்ப்பீர்கள். அங்கே இப்போது ‘தம்பி’ என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கும். தண்ணீர் வடிந்த அன்று, நீல மையைக் கையில் வைத்துக்கொண்டு அருள், “இந்த வருசம் தட்ட போச்சே, யார் பேரு எழுத மாமா?” என்று கேட்டான். மடையைத் திறந்தது யாரோ அவர் பெயரைத்தான் எழுத வேண்டும் என்றேன். நெஞ்சு உயரத்தில் இருப்பது அக்கா திறந்தது. முழங்கால் உயரத்தில் இருப்பதுதான் என்னுடையது.